டயர்த் தேய்வும் அதன் உரைமரபும்

தேய்வு இரு வகைப்படும்: சீரான தேய்வு, சீரற்ற தேய்வு. முன்னதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பின்னதற்கு முதற்காரணம் காற்றா, வயதா என்பதே ஆய்வுப்பொருள். காற்றே என்பது நம் முடிபு. காற்று கூடினால் டயர் நடுவில் புடைத்து நடுப்பட்டன் தேயும். குறைந்தால் நடு உள்வாங்கி, பாரம் இரண்டு ஓரத்துக்கும் போய், இரண்டும் தேயும் (மரத்தடிப் பஞ்சர் கடை, வாய்மொழி). ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் அலைன்மென்ட் கோளாறு. அது வேறு துறை.

'பழைய டயர்தானே கோணல்மாணலாகத் தேய்கிறது, ஆகவே வயதே காரணம்' என்பாரும் உளர். அவர்கள் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைக் காண்க. உடன்பிறந்த நான்கும் ஓடித் தேய்ந்திருக்க, அதே வயதுள்ள இதில் பட்டன் குறையவில்லை. பக்கச்சுவரில் நகத்தை ஓட்டினால் மெல்லிய வெடிப்புகள் தட்டுப்படலாம். ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரை இறுக்கும், வெடிக்க வைக்கும், பிடியைக் கெடுக்கும். ஆனால் கிடந்த இடத்தில் தேய்க்காது. நல்ல டயரிலும் மாதத்துக்குச் சுமார் 1 பிஎஸ்ஐ தானாகக் கசியும். அதை நெடுநாள் யாரும் பார்க்காமல் விட்ட பழி வயதின் தலையில் விழுகிறது (மேற்படி கடை, மேற்படி மரம், டீக்குப் பின்). ஸ்டெப்னி என்பது வேல்ஸ் நாட்டு லானெல்லி ஊரில் ஒரு தெருவின் பெயர். 'தேய்ப்பின்மை' என்ற செந்தமிழ்ச் சொல்லே அப்படித் திரிந்தது என்று இதுவரை யாரும் நிறுவாதது நம் வேர்ச்சொல் ஆய்வின் பெருங்குறை.

சரி, வயதை அறிவது எப்படி? பக்கச்சுவரில் 'டாட்' என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 1523 என்றால் 2023-ஆம் ஆண்டின் 15-ஆவது வாரம். பஞ்சர் கடைப் பையனுக்கு இது மூன்று நொடி வேலை. அறிஞர் கையில் கிடைத்தால் 1523 ஐயத்துக்கிடமின்றிக் கிருஷ்ணதேவராயர் காலம். அவர் 1509 முதல் 1529 வரை ஆண்டவர். மறுதரப்பார் எழுத்தின் வளைவைக் காட்டி இருநூறு ஆண்டு முன்னே தள்ளுவர். ரீட்ரெட் செய்த டயரோ பக்கச்சுவர் பழையது, பட்டன் புதியது; எனவே பட்டன் முழுவதும் இடைச்செருகல் என்று மூன்றாமவர் நூல் எழுதுவார். 2000-க்கு முந்தைய டயரில் மூன்றே இலக்கம் என்பதால் அது சங்க காலம். கருத்தரங்கம் முடிவதற்குள் இன்னொரு பிஎஸ்ஐ இறங்கியிருக்கும்.

'காற்றுக் குறைவு கண்ணுக்கே தெரியுமே' என்பது கடைசி மறுப்பு. தெரியாது. ரேடியல் டயர் சரியான காற்றிலும் அடியில் சற்றுப் பிதுங்கியே நிற்கும். கேஜ் வேண்டும், அதுவும் வண்டி ஓடிச் சூடேறுமுன். அளவு, ஓட்டுநர் கதவோரம் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். பக்கச்சுவரில் பொறித்திருப்பது டயருக்கான உச்சம். அதையே மூலபாடமாகக் கொண்டு நிரப்புவோரின் நடுப்பட்டன் முந்திக் கரைந்து, காடிக்குள் 1.6 மி.மீ. உயரத்தில் காத்திருக்கும் குறிமேடு தார்ச்சாலையைத் தொடும் (மேற்படி மரம், நிழல் கிழக்கே சாய்ந்த பின், டயர் கழற்றும் கம்பியால் மண்ணில் கோடு போட்டு விளக்கியது, கோட்டின் மேல் லாரி ஏறிவிட்டதால் மூலச்சுவடி கிடைக்கவில்லை).