வந்தது வந்தோம், அப்படியே…

திட்டக்குடியில் ஓய்வு பெற்ற கணவன் மனைவி காரணம் இல்லாமல் ஊரை விட்டுக் கிளம்புவதில்லை. ஆசைக்குக் குறைவில்லை, முழங்காலும் ஓரளவு ஒத்துழைக்கிறது, ஓய்வூதியமும் மாதம் தவறாமல் வங்கியில் விழுந்துவிடுகிறது. ஆனாலும் “சும்மா ஒரு நடை போய்ட்டு வரலாம்” என்று அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. இதன் வேரைத் தேடிப் போனால் அரசு அலுவலகத்தின் விடுப்பு விண்ணப்பத்தில் போய் முட்டுகிறது. ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு. அந்தப் பன்னிரண்டுக்கும் காரணம் எழுதியாக வேண்டும். ‘உடல்நிலை சரியில்லை’, ‘உறவினர் திருமணம்’, ‘சொந்த வேலை’ என்று எழுதலாம். ‘கடல் பார்க்க’ என்று எழுதி யாரும் லீவு வாங்கியதில்லை. ஈட்டிய விடுப்பின் கதை இன்னும் மோசம். ஆண்டுக்கு 15 நாளைச் சரண்டர் செய்து காசாக்கி, மகளின் காலேஜ் பீஸைக் கட்டிய தலைமுறை இது. 2020-ல் அரசு அந்தச் சரண்டரை நிறுத்தி வைத்தபோது எழுந்த புலம்பலைக் கவனித்தவர்களுக்குத் தெரியும்: லீவை அனுபவிக்க முடியவில்லையே என்று ஒருவரும் வருந்தவில்லை, விற்க முடியவில்லையே என்றுதான் வருந்தினார்கள். இப்படி முப்பது ஆண்டு பழகியவர் ரிடையரான மறுநாள், காரணம் கேட்கும் அதிகாரி காணாமல் போய்விடுகிறார். ஆனால் ‘காரணம்’ என்ற அந்தக் கட்டம் மண்டைக்குள் காலியாகவே நிற்கிறது, அதை நிரப்பாமல் செருப்பு மாட்ட முடிவதில்லை. ஆபீஸ் பக்கமே போகாத மனைவிக்கும் இது உண்டு. அவர் அத்தனை வருஷமும் இவரிடம் அல்லவா விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தார்.

இதைக் குறை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், முக்கியமாக வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள். என் கட்சி வேறு. இந்தக் காரணம் தேடும் பழக்கம் மட்டும் இல்லாவிட்டால் இவர்கள் வாசல் படியே தாண்டமாட்டார்கள் என்பேன். ஊருக்குப் பக்கத்தில் கீழ்ச்செருவாயில் வெலிங்டன் ஏரி இருக்கிறது. அங்கே காற்று வாங்கப் போகிறோம் என்று எந்தத் தம்பதியும் கிளம்புவதில்லை. ஆனால் ஏரி நிரம்புகிறது என்று பேப்பரில் நாலு வரி வந்துவிட்டால் அது பாசன விஷயமாகிவிடுகிறது. சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாதவர்கூட “எத்தன அடி நிக்குதுன்னு பாத்துட்டு வந்துடுறேன்” என்று வண்டியை எடுப்பார். “நானும் வரேங்க, தனியா போவாதீங்க” என்று அம்மா பின்னால் ஏறிக்கொள்வார். ஒருவருக்கு நீர்மட்டம், இன்னொருவருக்குப் பாதுகாப்பு என்று இரண்டு காரணமும் முறைப்படி பதிவாகிவிட்டது. கரையில் அரை மணி நேரம் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றது எந்தக் கணக்கிலும் வராது.

கோயில் இதில் பெரிய காரணம் என்று எல்லோருக்கும் தெரியும், அதை விரிக்க வேண்டியதில்லை. மார்கழி ஆருத்ராவுக்கும் ஆனித் திருமஞ்சனத்துக்கும் சிதம்பரம், தைப்பூச ஜோதிக்கு வடலூர், மாசி மகத்துக்கு விருத்தாசலம் என்று ஆண்டு தானாக நிரம்பிவிடும். ஆனால் விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரை மட்டும் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் முருகன் அங்கே கோயில் மட்டும் நடத்தவில்லை, ஓர் அலுவலகமே நடத்துகிறார். குறை இருப்பவர் வெள்ளைத் தாளில் பெயர், ஊர், விவரம் எல்லாம் எழுதி மனு கொடுக்க வேண்டும். அதற்குப் பிராது என்று பெயர். சுவாமி முன்பு வைத்துப் பூஜை செய்து, முனியப்பர் சன்னதியில் இருக்கும் வேலில் கட்ட வேண்டும். மனுதாரரின் ஊர் எத்தனை தூரம் என்று பார்த்துப் படிப்பணம்கூட உண்டு. மூன்று மாதத்துக்குள் தீர்வு கிடைக்கும் என்பது நம்பிக்கை, கிடைத்ததும் வந்து பிராதை முறைப்படி வாபஸ் வாங்க வேண்டும். தபால், பயணப்படி, காலக்கெடு, கோப்பு முடிப்பு என்று ஓய்வு பெற்ற மனிதருக்கு வேறு என்ன வேண்டும்? மருமகளுக்கு வேலை மாற்றல், பக்கத்து வீட்டுக்காரன் வேலி நகர்த்தியது என்று ஏதோ ஒன்றுக்குப் பிராது கட்டிவிட்டால், கட்ட ஒரு பயணம், வாபஸ் வாங்க ஒரு பயணம் என்று இரண்டு உறுதி. நடுவில் “மனு என்ன ஆச்சோ” என்று போய் நிற்பவர்களும் இருக்கிறார்கள். முப்பது ஆண்டு சர்வீஸில் தன்னிடம் மனு கொடுத்தவர்கள் எப்படி நின்றார்கள் என்பது அவர்களுக்கு அப்போதாவது புரிந்தால் சரி.

சாக்கு வைத்துக்கொண்டு ஊர் சுற்றுவதில் என்ன பெருமை என்று கேட்கலாம். இந்தக் கடலூர் மாவட்டத்தில் சுவாமியே அப்படித்தான் சுற்றுகிறார். ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் ஆண்டுதோறும் மாசி மகத்துக்காகக் கோயிலை விட்டுக் கிளம்பி, ஊர் ஊராகத் தங்கி, கிள்ளை முழுக்குத்துறைக்கு வந்து கடலில் தீர்த்தவாரி கண்டருளுகிறார். வழி நெடுக மண்டகப்படி. கிள்ளையில் இஸ்லாமியப் பெருமக்களும் எதிர்கொண்டு மரியாதை செய்கிறார்கள், அவர்களைப் பார்க்காமல் பெருமாள் தாண்டுவதில்லை. ஓய்வு பெற்ற தம்பதியின் உறவுக்காரர் வீட்டுப் பயணங்களும் இதே கட்டமைப்புதான். கடலூரில் ஒரு கிரகப்பிரவேசம் என்று புறப்பட்டால், நெய்வேலி பிளாக்கில் இருக்கும் சம்பந்தி வீட்டில் காலை டிபன், வடலூரில் ஒன்றுவிட்ட தங்கை வீட்டில் காபி, திரும்பும்போது விருத்தாசலத்தில் பெரியப்பா மகன் வீட்டில் மோர். ஒரு மண்டகப்படியை விட்டுவிட்டால் அடுத்த கல்யாணத்தில் அந்தப் பக்கத்து முகம் திரும்பிக்கொள்ளும். இவர்கள் உறவைப் பார்க்கப் போனார்களா, கிரகப்பிரவேசத்துக்குப் போனார்களா என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. பெருமாள் கடலுக்கு வந்தாரா, வழியில் இருப்பவர்களைப் பார்க்க வந்தாரா என்பதும் அப்படித்தான்.

கிள்ளை தீர்த்தவாரிக்குப் போகிறவர்கள் அடுத்துச் செய்வதில்தான் விஷயமே இருக்கிறது. பிச்சாவரம் பக்கத்திலேயே இருக்கிறது. சுரபுன்னைக் காடு பார்க்கலாம், படகில் போகலாம் என்று பேரன் பத்து தடவை கூப்பிட்டும் “எனக்கெதுக்குடா அதெல்லாம்” என்று மறுத்த அதே அம்மா, தீர்த்தவாரி முடிந்ததும் புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே சொல்வார்: “வந்தது வந்தோம், அப்படியே அந்தப் பிச்சாவரத்தையும் பாத்துட்டுப் போயிடலாமேங்க.” அய்யா மறுபேச்சுப் பேசமாட்டார். 1975-ல் ‘இதயக்கனி’ பார்த்த நாளிலிருந்து மனதுக்குள் அந்தப் படகில் உட்கார்ந்திருப்பவர் அவர். ஆனால் எம்.ஜி.ஆர். போன வாய்க்காலில் போக வேண்டும் என்று அறுபத்தைந்து வயதில் ஒருவர் எப்படிச் சொல்வது? பெருமாள் புண்ணியத்தில் காரியம் நடந்துவிட்டது. ஊர் திரும்பிய பின் கேட்பவர்களிடம் தீர்த்தவாரிக் கூட்டத்தைப் பற்றிக் கால் மணி நேரமும், படகைப் பற்றி ஒரு வரியும் வரும். ஆனால் பையனுக்கு வாட்ஸ்அப்பில் போன படங்களை எண்ணிப் பார்த்தால் விகிதம் தலைகீழ்.

இதெல்லாம் காரணத்தால் அல்ல, பணத்தால் வந்த கட்டுப்பாடு என்று வாதிடுவோர் உண்டு. சிக்கனமாக வளர்ந்த தலைமுறை, செலவுக்கு நியாயம் கற்பிக்கிறது, அவ்வளவுதான் என்பார்கள். இதைச் சோதித்துப் பார்க்க அரசே வழி செய்து கொடுத்தது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஒரே சீட்டில் உட்கார்ந்திருக்கும் இருவரில் அம்மாவுக்கு இலவசச் சீட்டு, அய்யாவுக்குக் காசு. பணம்தான் தடையாக இருந்தால் அம்மா அன்றாடம் காரணமே சொல்லாமல் ஊர் சுற்றியிருக்க வேண்டும். நடந்தது என்ன? பஸ் இலவசமான பிறகு காரணங்கள்தான் பெருகின. முன்பு வெள்ளிக்கிழமை மட்டும் தேவைப்பட்ட அம்பாளுக்கு இப்போது செவ்வாயும் தேவைப்படுகிறது. “நீங்க வந்தா உங்களுக்கு டிக்கெட் வேற எடுக்கணும், நான் மட்டும் போய்ட்டு வந்துடுறேன்” என்ற புதுக் காரணமும் சேர்ந்திருக்கிறது, கணவரை வீட்டில் விட்டுச் செல்ல இவ்வளவு மரியாதையான வழி வேறு கிடைக்காது. மறுபக்கம், ரயிலில் மூத்த ஆண்களுக்கு 40 சதவீதமும் பெண்களுக்கு 50 சதவீதமும் இருந்த சலுகையை 2020 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். திட்டினார்கள், திட்டிக்கொண்டே முழுக் கட்டணம் கட்டிப் பேத்தியின் காதுகுத்துக்குப் போனார்கள். கட்டணம் ஏறியும் பயணம் நிற்கவில்லை, இறங்கியும் காரணம் போகவில்லை.

இந்தக் காலத்தில் அப்படி யாரும் இல்லை, வயதானவர்கள் கூட்டம் கூட்டமாகச் சுற்றுலா போகிறார்களே என்பது அடுத்த மறுப்பு. போகிறார்கள்தான். எங்கே போகிறார்கள் என்று பார்க்க வேண்டும். காசி, அயோத்தி, நவக்கிரகம், நூற்றெட்டுத் திருப்பதி. ஊட்டிக்கு என்று கிளம்பும் வேன்கூட வழியில் பண்ணாரி அம்மனிடம் நின்று காரணத்தில் முத்திரை வாங்கிக்கொண்டுதான் மலை ஏறுகிறது. முதியோரை அனுப்பி வைக்க நினைத்த அறநிலையத் துறையும் இதைச் சரியாகப் புரிந்துவைத்திருக்கிறது. 60 முதல் 70 வயது வரை உள்ளவர்களை 2022–23-ல் ராமேசுவரத்திலிருந்து காசிக்கு அழைத்துப் போனது, முதல் ஆண்டு 200 பேர். பிறகு அறுபடை வீட்டுக்கும் அழைத்துப் போனது. ‘முதியோர் உல்லாசப் பயணம்’ என்று பேர் வைத்திருந்தால் விண்ணப்பத்தை வாங்கவே கூசியிருப்பார்கள்.

ஓய்வு வயது விஷயத்தில் அரசு தெரியாமலேயே இன்னொரு வேலை செய்துவிட்டது. 58-ல் ரிடையரான காலத்தில், பிரிவு உபசார விழா மாலைக்கும் திருக்கடையூர் அறுபதாம் கல்யாண மாலைக்கும் இடையில் இரண்டு வருஷம் இருந்தது. 2020-ல் 59, 2021-ல் 60 என்று வயதை ஏற்றியதும் இரண்டு மாலையும் ஏறக்குறைய ஒன்றாக விழத் தொடங்கின. பிள்ளைகள் ஒரே லீவில் இரண்டையும் முடித்துக்கொள்கிறார்கள். பெற்றோருக்கு இதில் ஒரு காரணம் நஷ்டம், அதை ஈடுகட்ட எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம் இருக்கிறது என்பதுதான் ஆறுதல்.

புறப்படுவதற்கு வேண்டிய காரணத்தையாவது நாலு பேர் எடுத்துக்கொடுப்பார்கள். பிள்ளை வீட்டிலிருந்து திரும்புவதற்கு வேண்டிய காரணத்தை அவரவரே கண்டுபிடிக்க வேண்டும், உண்மையான திறமை அங்கேதான் தெரியும். சென்னையில் மகன் வீட்டுக்குப் போக, பேரனின் முழு ஆண்டு லீவு போதும். நான்காம் நாள் மாடிக் காற்று சலித்துவிடும், பால்கனியில் நின்று கீழே போகும் கார்களை எண்ணியாயிற்று. ஆனால் “எங்களுக்குப் போர் அடிக்குது” என்றால் மருமகள் மனம் கோணும். முன்பெல்லாம் கருவூல நேர்காணல் கைகொடுத்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை நேரில் போய் உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும், பேரனின் லீவும் அதே நேரம். “மஸ்டரிங் இருக்குப்பா, போவலன்னா பென்ஷன் நின்னுடும்” என்றால் மகன் அன்றைக்கே டிக்கெட் போட்டுவிடுவான். இப்போது ஓய்வு பெற்ற மாதத்தில் நேர்காணல் என்று மாற்றிவிட்டார்கள். போதாததற்குத் தபால்காரரே வீட்டுக்கு வந்து, 70 ரூபாய்க்கு, கைரேகை வாங்கி வாழ்வுச் சான்றிதழ் எடுத்துக் கொடுக்கிறார், சென்னையில் இருந்தாலும் கொடுக்கிறார். நாட்டின் ஓய்வூதியர்களுக்குத் தொழில்நுட்பம் இழைத்த கொடுமைகளில் இதுதான் முதலாவது. கரண்ட் பில்லும் உதவாது: பூட்டிய வீட்டில் 100 யூனிட் இலவசத்தைத் தாண்டாது என்று மகனுக்குத் தெரியும். மிஞ்சியிருப்பது ரேஷன் கடை ரேகையும் தென்னை மரமும். “காய் முத்திப் போச்சாம், யாரு தலையிலயாவது விழுந்துட்டா?” என்பதற்கு இன்றுவரை எந்தப் பிள்ளையிடமும் பதில் இல்லை. அமெரிக்காவுக்குப் போனவர்கள் பாடுதான் பரிதாபம். விசாவில் பொதுவாக ஆறு மாதம் கொடுக்கிறார்கள். அவ்வளவு செலவு செய்து போன பிறகு தேங்காய்க்காகத் திரும்புகிறேன் என்று சொல்லிப் பார்க்கட்டும்.

மனதில் இருப்பதை நேராகச் சொல்லிவிட்டுப் போகலாமே, இது ஒருவகைப் பொய்தானே என்று இளையவர்கள் கேட்கிறார்கள். பொய் என்றால் யாராவது ஏமாற வேண்டும். இங்கே ஏமாறுகிறவர் யார்? தேங்காய்க்காகத்தான் போகிறார்கள் என்று மருமகள் நம்பவில்லை, நம்புவதாக நினைத்து மாமியாரும் சொல்லவில்லை. இருவருக்கும் மரியாதை மிச்சமாகிறது, அடுத்த முறை வருவதற்குக் கதவும் திறந்தே இருக்கிறது. நேராகப் பேசுகிற இளையவர்கள் மட்டும் என்ன செய்கிறார்கள்? குழந்தைக்கு லீவு, லாங் வீக்எண்ட், கல்யாண நாள் என்று காலண்டரைப் பார்த்துத்தானே ஏற்காடு போகிறார்கள்.

நடைமுறைச் சிக்கல் ஒன்று இருந்தது, அதுவும் தீர்ந்துவிட்டது. ரயிலில் 120 நாளுக்கு முன் டிக்கெட் போட வேண்டியிருந்த காலத்தில், காரணத்தையும் நான்கு மாதம் முன்பே யோசிக்க வேண்டியிருந்தது. அத்தனை முன்னால் எந்த வீட்டிலும் முகூர்த்தம் முடிவாகாது, யாருக்கும் உடம்புக்கும் வராது. 2024 நவம்பர் முதல் அதை 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். அதற்குள் பத்திரிகை அச்சடித்துவிடுவார்கள், வளைகாப்புக்கு நாள் பார்த்துவிடுவார்கள். திட்டக்குடிக்கு ரயில் கிடையாது, பெண்ணாடத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே இன்னும் இரண்டு விரைவு வண்டிகள் நின்றால் போதும், காரணங்களை இவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.