பாக்கி வைத்தவன் பலவான்

நான் கணக்கெழுதிய குமாரபாளையத்து விசைத்தறிப் பட்டறையில் சங்கம் கிடையாது. கொடி இல்லை, கோஷம் இல்லை. ஆனாலும் திங்கட்கிழமை தோறும் வேலைநிறுத்தம் உண்டு. ‘ஒறம்பரை (விருந்தாளிகள்) வந்துட்டாங்க’ என்று அதற்குப் பெயர். சனிக்கிழமை கூலி, ஞாயிறு கறி, திங்கள் செரிமானம். அந்தக்கால இங்கிலாந்துக் கைவினைஞர்கள் இதே திங்களைப் ‘புனிதத் திங்கள்’ என்று கொண்டாடினார்களாம். நம்மவர்களுக்கு அவ்வளவு பக்தி இல்லை. நோம்பி, கெடாவெட்டு, காதுகுத்து போதும்.

வேண்டுமென்றே மெதுவாகத் தறி ஓட்டுவது மட்டும் இங்கே செல்லாது. மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. மெதுவாக ஓட்டினால் ஓட்டுகிறவருக்குத்தான் நட்டம். ஆகவே போராட்டம் தறியில் நடக்கவில்லை, என் பேரேட்டில் நடந்தது.

ஆயுதத்தின் பெயர் பாக்கி. வேலைக்குச் சேரும்போதே முதலாளி தரும் முன்பணம் அது. ‘இனி இவன் எங்கே போய்விடுவான்?’ என்று கொடுத்தவர் நினைப்பார். ‘இனி இவர் என்னை எப்படி அனுப்புவார்?’ என்று வாங்கியவர் நினைப்பார். வாங்கியவர் நினைப்பே பெரும்பாலும் பலித்தது.

ஒருநாள் துணியில் இழை விட்டிருந்ததைப் பார்த்து எங்கள் ஓனர் சத்தம் போட்டார். தறிக்காரர் பதில் பேசவில்லை. தறியை நிறுத்தினார். தலையில் படிந்த பஞ்சைத் துண்டால் தட்டினார். பிறகு நிதானமாக என் மேசைக்கு வந்தார்.

“பாக்கி எவ்வளவு நிக்குதுங்க? பக்கத்துத் தெருவுல கட்டிட்டுக் கூட்டிக்கறேங்கறாங்க.”

ஓனர் என்னைப் பார்த்தார். நான் பேரேட்டைப் பார்த்தேன்.

“அட, எதுக்குக் கோவிச்சுக்கற? டீ குடிச்சுட்டுப் போப்பா.”

டீயோடு வடையும் வந்தது. மாரியம்மன் நோம்பிச் செலவுக்கென்று பாக்கியில் இன்னும் ஐயாயிரம் ஏறியது.

கேர்ட் டெ நேவ் என்ற மானிடவியலாளர் எங்கள் ஊர்ப் பாக்கியைப் பற்றியே 1999இல் ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார். ஆளைக் கட்டிப்போடக் கொடுத்த பணம் ஆளை அப்படியொன்றும் கட்டிப்போடவில்லை என்பது அவர் கண்டது. வடை விஷயம் அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கடனைக் காட்டி ஆளைப் பிடித்து வைப்பது 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். கடனைக் காட்டி முதலாளியைப் பிடித்து வைத்தால் என்ன தண்டனை என்று சட்டத்தில் தேடிப் பார்த்தேன், இல்லை.

நூல் விலை எகிறித் தறி நிற்கும் மாதங்களில் இந்த வீரம் எடுபடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்போது பக்கத்துத் தெருவும் கூப்பிடாது. பாக்கி கேட்டு வாசலுக்கு ஆள் வரும். வீட்டுப் பெண்களும் தார் சுற்ற வந்து கடனைக் கழிப்பார்கள். அந்த மாதங்களில் டீக்கு வடை கிடையாது.

பட்டறையில் பாக்கி இல்லாத ஒரே ஆள் நான். அதனால் தறிக்காரர்கள்மீது காட்ட முடியாத கோபமெல்லாம், கூட்டல் சரியாக இருந்தாலும், என்மேல்தான் இறங்கும். பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு சனிக்கிழமை தலையைச் சொறிந்தபடி நானும் பாக்கி கேட்டேன்.

ஓனர் வாய்விட்டுச் சிரித்தார். “உங்களுக்கு எதுக்குங்க பாக்கி? நீங்க எங்க போயிரப் போறீங்க?”