100 மீட்டர் மட்டும் ஓடிராத பேராண்டி

மெட்ராஸ்ல இருந்து லீவுக்கு வந்த நாள் முதலா, விடியுமுன்ன நீ மகாராஜபுரத்துல இருந்து தாணிப்பாறை ரோட்டுல ஓடுறதைப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். கிளிப்பச்சைக் கலர்ல ஷூ, கையில மினுக்குற வாட்ச், காதுல பாட்டு. நல்லாத்தான் இருக்கு. ஓட்டம்னு நீ சொல்ற, நானும் ஓட்டம்னே சொல்லிக்கிறேன். அமாவாசைக்கு சதுரகிரி மலையேறப் போற கிழவிக தலைச்சுமையோட உன்னைத் தாண்டிப் போனதைப் பத்தி நான் யார்கிட்டயும் வாயைத் தொறக்கல.

ஆனா டீக்கடையில ஒரு கேள்வி கேட்டியாமே. பத்து கிலோமீட்டர், இருபத்தோரு கிலோமீட்டர்னு ஊரு ஊருக்கு ஓடுறாங்க, பொழுதுபோக்கா 100 மீட்டர் ஓடுறவன் ஏன் கண்ணுலயே படலைன்னு. அதோட விட்டியா? நாளையில இருந்து நான் ஓடிக் காட்டுறேன்னும் சொன்னியாம். கேள்வி நல்ல கேள்விதான் ராசா. முடிவுதான் கெட்ட முடிவு. லைப்ரரியில பேப்பர் ஒண்ணு விடாம வாசிக்கிற கிழவன் சொல்றேன், கேட்டுக்கோ.

நம்ம ஊர்ல ஒருத்தன் தலைதெறிக்க ஓடினா அதுக்கு ஒரு காரணம் இருக்கணும். தென்னந்தோப்புல யானை, வைக்கப்படப்புல தீ, கயித்தை அத்துக்கிட்ட காளை, இல்லாட்டி கிளம்பிப் போற பஸ்ஸு. இதுல ஒண்ணும் இல்லாம நீ தெருவுல பாய்ஞ்சு ஓடிப்பாரு. திண்ணையில சாஞ்சிருக்கவன் எந்திரிச்சு வேட்டியை மடிச்சுக் கட்டுவான். "யாருக்கு என்ன ஆச்சு?"ன்னு அடுப்படியில இருந்து ஒருத்தி வருவா. எவனை விரட்டுறான்னு தெரியாமலே நாலு பேரு உன் பின்னாடி ஓடியாருவான். நீ தெருமுனையில நின்னு மூச்சு வாங்கிக்கிட்டு, "ஒண்ணுமில்ல, சும்மா ஓடினேன்"னு சொன்னேன்னு வையி, அன்னைக்குச் சாயங்காலமே உங்க ஆத்தாகிட்ட வந்து, பையனுக்கு வேப்பிலை அடிங்கன்னு சொல்லிட்டுப் போவாங்க.

மெதுவா ஓடுறவனுக்கு அந்த வம்பு கிடையாது. பார்த்ததும் ஊருக்கே புரிஞ்சிரும், சுகர்னு.

நாய் கூட அப்படித்தான். ராஜபாளையம் நாய் லேசுப்பட்டதில்ல, 2005-ல தபால் தலையிலயே ஏறின சாதி. நீ லொங்கு லொங்குன்னு போறப்ப அது படுத்த வாக்குல ஒரு கண்ணைத் தொறந்து பார்த்துட்டு மூடிக்குது. அதே நீ பாய்ஞ்சு ஓடினா, அதுக்கு வேட்டை ஞாபகம் வந்துரும். உனக்கு வேகம் எவ்வளவுன்னு அப்ப வாட்ச்சைப் பார்க்க நேரம் இருக்காது.

சரி, நம்ம பக்கத்துப் பயலுக யாருமே வேகமா ஓடலையான்னு கேப்ப. ஓடுறான், போலீஸ் வேலைக்கு. அதுலயும் சூட்சுமத்தைப் பாரு. ஆம்பளப் பயலுக்கு 1500 மீட்டரை 7 நிமிசத்துல முடிக்கிறது கட்டாயம், தப்பிக்க முடியாது. 100 மீட்டர் அப்படியில்ல. வேண்டாம்னா 400 மீட்டரை எடுத்துக்கலாம்னு சர்க்காரே இரக்கம் காட்டுது. 100 மீட்டரை 15 விநாடியில ஓடினா ஒரு ஸ்டார், 13.5-ல ஓடினா ரெண்டு ஸ்டார். இதை இன்னொரு கணக்கோட சேத்துப் பாரு. 2003-ல தாய்லாந்துல யானைகளை வேகமா ஓட விட்டு அளந்தாங்க. நல்லா ஓடின யானை விநாடிக்கு 6.8 மீட்டர் போச்சு. அப்படின்னா யானைக்கு 100 மீட்டர் 14.7 விநாடி. ஒரு ஸ்டார் வாங்கினவனை யானை பிடிச்சிரும், ரெண்டு ஸ்டார் வாங்கினவன் வீடு வந்து சேருவான். 2021-ல நம்ம மலையைப் புலிகள் காப்பகமா அறிவிச்ச பிறகு, அடிவாரத்துத் தோப்புக்காரனுக்கெல்லாம் அந்த ரெண்டாவது ஸ்டாரு ரொம்ப முக்கியமாப் போச்சு. பொழுதுபோக்கு ஓட்டக்காரனான நீ அந்தக் கணக்குல எங்க நிக்கிறேன்னு நான் கேக்கல. யானை கேக்கும்.

அதுக்குத்தான் சொல்றேன், தூரத்தைப் பிடிச்சுக்கோ. தூரத்துல ஒளிஞ்சுக்க இடம் இருக்கு. பத்து கிலோமீட்டர்ல நீ ஐநூறாவது ஆளா வந்தாலும், "முடிச்சிட்டேன் தாத்தா"ன்னு மெடலைக் கழுத்துல போட்டுக்கிட்டு வந்து நிப்ப. முடிச்சதே பெரிசுன்னு ஊரு ஒத்துக்கும். 100 மீட்டரை முடிச்சிட்டேன்னு சொல்லிப் பாரு, மாடு கூடத்தான் முடிக்கும்னுருவாங்க. அங்க எத்தனையாவதுன்னுதான் கேப்பான். இன்னொண்ணு, இருபத்தோரு கிலோமீட்டரை மொதல் வருசம் மூணு மணி நேரத்துல ஓடுறவன், அடுத்த வருசம் ரெண்டரைக்கு வந்துரலாம். அரைமணி நேர முன்னேற்றம், ஆபீஸ் பூராவும் சொல்லிக்கலாம். 100 மீட்டர்ல ஒரு வருசம் உயிரைக் கொடுத்தா அரை விநாடி குறையும். அதை யாருகிட்டப் போயிச் சொல்லுவ? நம்ம பி.டி. உஷா 1984-ல லாஸ் ஏஞ்சலஸ்ல 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 விநாடியில ஓடி, நூறுல ஒரு பங்கு விநாடியில வெண்கலத்தை விட்டுச்சு. முப்பத்தொம்பது வருசம் கழிச்சு, 2023 ஆசியப் போட்டியில கோயம்புத்தூர்ப் பிள்ளை வித்யா ராம்ராஜ் அதே 55.42-ஐத் தொட்டப்பதான் அந்தச் சாதனைக்குப் பக்கத்துல ஒரு ஆளு வந்து நின்னுச்சு. அப்பேர்ப்பட்ட பிள்ளைகளுக்கே கணக்கு இப்படி. உனக்கு எதுக்கு இந்த வயித்தெரிச்சல்?

நடத்துறவனுக்கும் தூரம்தான் தோது. 2023 ஆகஸ்டுல சென்னையில கலைஞர் நினைவு மாரத்தானுக்கு 73 ஆயிரம் பேருக்கு மேல பதிஞ்சாங்க. ரோட்டை அடைச்சான், விசிலை ஊதினான், காலைப் பலகாரத்துக்குள்ள வேலை முடிஞ்சுது. அத்தனை பேரையும் 100 மீட்டர் ஓட விடுன்னு சொல்லு பார்ப்போம். எட்டு எட்டுப் பேரா நிறுத்தினா ஒம்பதாயிரத்துச் சொச்சம் ஓட்டம். ஓட்டத்துக்கு அஞ்சு நிமிசம்னு வச்சாலும், ராப்பகலா மொதல் சுத்து முடியவே ஒரு மாசத்துக்கு மேல ஆகும். டீசர்ட்டு வெளுத்துப் போகும்.

தூர ஓட்டத்துக்கு ஆரம்பத்துலயே நல்ல தரகன் கிடைச்சான், அதைச் சொல்லணும். நியூசிலாந்துல ஆர்தர் லிடியார்ட்னு ஒரு வாத்தியார், வயசானவங்க, நெஞ்சுவலி கண்டவங்களை எல்லாம் மெல்ல ஓட வச்சுக்கிட்டிருந்தாரு. 1962-ல அமெரிக்காவுல இருந்து பில் பவர்மேன்னு இன்னொரு ஓட்ட வாத்தியார் அங்க போயி, கூட ஓடிப் பார்த்தாரு. எழுபது தாண்டின ஒரு பெரியவரு, இவரு பின்தங்குறதைப் பார்த்து துணைக்கு மெதுவா வந்தாராம். அந்த ரோசத்தோட ஊரு திரும்பினவரு ஒரு இதய டாக்டரைக் கூட்டுச் சேத்து 1967-ல மெதுவோட்டப் புத்தகம் போட்டாரு. அது லட்சக்கணக்குல வித்துச்சு. நைக்கி ஷூ கம்பெனியை ஆரம்பிச்ச ரெண்டு பேர்ல அந்த மனுசனும் ஒருத்தர். ஒரு பக்கம் டாக்டர், ஒரு பக்கம் ஷூக் கடை, ரெண்டும் கூடிச் சொன்னா எவன் கேக்க மாட்டான்? வேகமா ஓடுங்கன்னு சொல்ல ஒரு டாக்டரும் வரல. வந்தாலும் எலும்பு டாக்டராத்தான் இருப்பாரு.

உடம்பும் உன் கட்சியில இல்ல. முழு வேகத்துல ஓட சதைக்குள்ள இருக்கிற கிரியேட்டின் பாஸ்பேட்டுங்கிற சரக்கு வேணும். அது பத்து விநாடிக்குள்ள வத்திப் போகும். 2009-ல பெர்லின்ல 9.58 விநாடியில ஓடின உசேன் போல்ட் கூட எண்பது மீட்டரைத் தாண்டினதும் வேகம் குறைஞ்சுதான் வந்தாரு. நாற்காலியில உக்கார்ந்தே பொழைக்கிற உனக்குப் பின்தொடைச் சதை ரெண்டும் முறுக்கிப் போட்ட கயிறு. சூடேத்தாம பாய்ஞ்சேன்னா முப்பது மீட்டர்ல 'டப்'புன்னு ஒண்ணு கேக்கும், அப்புறம் மூணு வாரம் நொண்டி. அது வேணாம்னா அரைமணி நேரம் குனிஞ்சு நிமிர்ந்து, காலை வீசி, குதிச்சுத் தயாராகணும். எதுக்கு? பதினாறு விநாடிக்கு. அதுல கரையிறதாவது ஏதாச்சும் உண்டா? எழுபது கிலோ ஆளு ஒரு கிலோமீட்டர் ஓடினா எழுபது கலோரி சொச்சம். 100 மீட்டருக்கு ஏழு. வேகத்துக்குன்னு கொஞ்சம் கூட்டிப் போட்டாலும், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை வழிச்சுத் தின்ன விரலை நக்கினதுக்கே சரியாப் போகும். பேச்சுத்துணையும் கிடையாது. மெதுவா ஓடுறப்ப பங்காளி நிலத்தகராறை முழுசாப் பேசி முடிச்சிரலாம். பாய்ஞ்சு ஓடுறப்ப ஒரு கெட்ட வார்த்தைக்குக் கூட மூச்சு பத்தாது.

இவ்வளவு சொன்னாலும் உனக்குக் கால் ஊறத்தான் செய்யும், எனக்குத் தெரியும். அதுக்கு நம்ம சனம் ஒரு தந்திரம் வச்சிருக்கு. வேகமா ஓடணும்னு ஆசைப்பட்டவன் எவனும் அதை வெளிய சொல்றதில்ல. கபடி ஆடுறேன்னுட்டுப் போவான். கோட்டைத் தொடப் பாயுற அந்தப் பாய்ச்சலை அளந்து பாரு, அசல் வேக ஓட்டம். கிரிக்கெட்டுல ரெண்டாவது ரன்னுக்குத் திரும்புறவனும், மஞ்சுவிரட்டுல மாட்டுக்கு முன்னால ஓடுறவனும் அதே சோலிதான் பார்க்கிறான். பந்தோ, கோடோ, மாடோ ஒரு சாக்கு கையில இருந்தா ஊரு ஒண்ணும் கேக்காது. சாக்கில்லாம ஓடினாத்தான் வேப்பிலை.

அதையும் மீறி ஓடியே தீருவேன்னா, ஒரு லாபம் மட்டும் இருக்கு, காதைக் குடு. தூர ஓட்டத்துல வருசா வருசம் கூட்டம் கூடும். வேக ஓட்டத்துல வயசு ஏற ஏற ஆளு கழண்டுக்கிட்டே வரும். 2022-ல வதோதராவுல மூத்தோர் தடகளப் போட்டி நடந்துச்சு. ஹரியானாவுல இருந்து ராம்பாய்னு 105 வயசு ஆச்சி வந்து 100 மீட்டரை 45.40 விநாடியில ஓடி தேசிய சாதனை வச்சுச்சு. கூட ஓட அந்த வயசுல யாரும் இல்ல, தனியாத்தான் ஓடுச்சு. மூத்தோர் பிரிவு முப்பத்தஞ்சு வயசுல ஆரம்பிக்குது. உனக்கு இன்னும் எழுபது வருசம் பொறுமை இருந்தா தங்கம் நிச்சயம்.

அதுக்குள்ள ஒரு வெள்ளோட்டம் பார்க்கணும்னா, நாளைக்கு விடியுமுன்ன, ஆளு எந்திரிக்கிறதுக்குள்ள வா. நானே நேரம் பார்க்கிறேன். கையால ஸ்டாப்வாட்ச் அமுக்கினா நிஜத்தை விட 0.24 விநாடி கம்மியா விழும்னு தடகளக்காரங்களே கணக்கு வச்சிருக்காங்க. எனக்குக் கண்ணுல புரை வேற இருக்கு. இன்னும் ரெண்டு விநாடி சேத்தே குறைச்சுத் தர்றேன்.