இலையை மூடும்போது வந்த நெய்

1970, ஜூன் 21. மெக்சிகோ நகரின் அஸ்டெக்கா மைதானத்தில் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. 84-ஆவது நிமிடம். பிரேசில் 3, இத்தாலி 1. லட்சத்துக்கு மேற்பட்ட கூட்டம் பாதி எழுந்து நின்று ஆட ஆரம்பித்துவிட்டது. இந்த நல்ல முகூர்த்தத்தில்தான் இத்தாலியின் கோச் ஃபெருச்சோ வால்கரெஜ்ஜிக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. ஐரோப்பாவிலேயே சிறந்த ஆட்டக்காரர் என்று முந்தைய ஆண்டு தங்கப் பந்து விருது வாங்கிய ஒரு மனிதர், காலையிலிருந்து தன் பக்கத்து பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்!

மேல்சட்டையைக் கழற்றிவிட்டு ஜானி ரிவேரா உள்ளே போனார். இலையை மூடப்போகிறவனிடம் வந்து "நெய் விடட்டுமா?" என்று கேட்பதுபோல இருந்தது அந்தக் காட்சி. இத்தாலியில் இன்றைக்கும் வயசானவர்களிடம் போய் 'ஆறு நிமிடம்' என்று சொல்லிப் பாருங்கள். எதற்கு, யாருக்கு என்று கேட்கமாட்டார்கள். நேரே வசவுதான்.

வால்கரெஜ்ஜியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பாவம், சப்ஸ்டிட்யூட் என்பதே அன்றைக்குப் புதுச் சரக்கு. 1970-க்கு முன்னால் உலகக் கோப்பையில் ஆள் மாற்றும் வழக்கமே கிடையாது. கால் ஒடிந்தால் ஒடிந்ததுதான். நொண்டிக்கொண்டே ஓரமாக நிற்கலாம், அல்லது வெளியே போய்ப் படுத்துக்கொண்டு பத்துப் பேரோடு அணி தோற்பதைப் பார்க்கலாம். மெக்சிகோவில்தான் முதன்முதலாக ஓர் ஆட்டத்துக்கு இரண்டு பேரை மாற்றலாம் என்று விதி வந்தது. புதிதாக மிக்ஸி வாங்கிய வீட்டில் முதல் வாரம் எதையெல்லாம் அரைப்பார்களோ, அப்படித்தான் எல்லா கோச்சுகளும் அதை வைத்துக்கொண்டு திணறினார்கள்.

இத்தாலிக்கு அந்த விதியின் அருமை மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். நாலு வருஷத்துக்கு முன்பு இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோவில் வடகொரியாவோடு ஆடியபோது, கேப்டன் புல்காரெல்லிக்கு முதல் பாதியிலேயே முழங்கால் போயிற்று. மாற்று ஆள் கிடையாது. மிச்சமிருந்த பத்துப் பேரை பாக் டூ இக் என்பவரின் ஒரே உதையில் வடகொரியா வீட்டுக்கு அனுப்பியது. ஜெனோவா விமான நிலையத்தில் ரசிகர்கள் தக்காளியோடு வரவேற்றார்கள். அந்த வடகொரியா எப்படி ஆடுகிறது என்று முன்கூட்டியே உளவு பார்த்துவிட்டு வந்து, 'சும்மா சினிமா காமெடியன் கோஷ்டி' என்கிற ரீதியில் அறிக்கை கொடுத்ததாக ஒருவரைச் சொல்வார்கள். யார்? நம்ம வால்கரெஜ்ஜியேதான். அதன்பிறகு அவருக்கே கோச் பதவி கிடைத்தது. இதெல்லாம் உலகம் முழுக்க இருக்கிற நிர்வாக முறைதான், ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆனால் மனிதர் ராசிக்காரர். 1968 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் சோவியத் யூனியனோடு கூடுதல் நேரம் முடிந்தும் 0-0. அப்போது பெனால்டி உதைக்கிற வழக்கம் வரவில்லை. காசைச் சுண்டிப் பார்த்தார்கள். இத்தாலி ஜெயித்தது. கோப்பையும் வந்தது. வால்கரெஜ்ஜியின் வாழ்க்கையில் மிகச் சரியாக எடுக்கப்பட்ட முடிவு அந்தக் காசு எடுத்ததுதான் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். மெக்சிகோவுக்கும் அந்தக் காசைக் கையோடு எடுத்துப் போயிருக்கலாம்.

மெக்சிகோவில் அவருக்கு இருந்த தலைவலிக்குப் பெயர் இரண்டு: ரிவேரா, மட்ஸோலா. ஒருவர் ஏசி மிலான், மற்றவர் இன்டர் மிலான். ஒரே ஊர், ஒரே மைதானம், ஜென்மப் பகை. ரிவேரா பந்தைத் தொட்டால் சங்கீதம். ஆனால் ஓடச் சொன்னால் யோசிப்பார். பெரிய பத்திரிகையாளரான ஜானி பிரேரா அவருக்கு 'குட்டி மடாதிபதி' என்று பட்டம் சூட்டியிருந்தார். மட்ஸோலா வேகம், வியர்வை, மீசை. இரண்டு பேரையும் சேர்த்து ஆடவிட்டால் தற்காப்பு ஓட்டையாகிவிடும் என்று வால்கரெஜ்ஜிக்குப் பயம். ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் மிலான் நகரத்தில் பாதிப்பேர் அடிக்க வருவார்கள் என்பது அதைவிடப் பெரிய பயம்.

ஆகவே அவர் கண்டுபிடித்த தீர்வு, பங்காளிகள் முறைவைத்துக் கோயில் பூசை செய்கிற தீர்வு. முதல் பாதி மட்ஸோலா, இரண்டாம் பாதி ரிவேரா. இதற்கு 'ரிலே ஓட்டம்' என்று கௌரவமாகப் பெயரும் வைத்தார்கள். அதாவது, காயம்பட்டவனைக் காப்பாற்ற வந்த விதியை, கோபப்பட்டவர்களைச் சமாதானப்படுத்த உபயோகித்த முதல் கோச் என்ற பெருமை அவருக்கு.

இந்த ஏற்பாட்டுக்கு முந்தைய கூத்தைச் சொல்லாவிட்டால் பாவம். கிளம்புகிற சமயத்தில், அணியின் மசாஜ்காரர் விளையாட்டாக ஒரு தட்டுத் தட்டினார். தட்டு விழுந்தது முன்னணி ஆட்டக்காரர் பியெத்ரோ அனஸ்தாஸிக்கு. விழுந்த இடம், குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாத இடம். ஆபரேஷனே ஆயிற்று. 1968 இறுதிப் போட்டியில் கோல் போட்ட மனிதர், உலகக் கோப்பையை ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து பார்க்க வேண்டியதாயிற்று. அவருக்குப் பதில் ஒருவரைக் கூப்பிட்டிருந்தால் கணக்கு நேராகியிருக்கும். பதற்றத்தில் போனின்சென்யா, பிராத்தி என்று இருவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். இப்போது ஓர் ஆள் அதிகம். அந்த ஒருவராக லோடெட்டியைப் பிடித்து ஊருக்கு அனுப்பினார்கள். லோடெட்டி யார்? மிலான் அணியில் ரிவேராவுக்காக ஓடுகிறவர். ரிவேரா யோசிக்கும்போதெல்லாம் மூச்சிரைக்க ஓடி அந்தப் பாக்கியை அடைக்கிற புண்ணியவான்.

ரிவேராவுக்குத் தலைக்கு மேல் கோபம். அணியோடு வந்த அதிகாரி மண்டெல்லியைப் பத்திரிகைகளிடமே வெளுத்து வாங்கினார். மூட்டை கட்டுகிற அளவுக்குப் போயிற்று. கடைசியில் மிலானில் அவருடைய கோச்சான நெரேயோ ரோக்கோவை விமானத்தில் வரவழைத்து, பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சாத குறையாகத் தாஜா செய்தார்கள். கோபித்துக்கொண்ட மாப்பிள்ளைக்கு ஊர்ப் பெரியவரைக் கூட்டி வருவது நமக்கு மட்டுமே சொந்தமான வழக்கம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

முதல் சுற்றில் மூன்று ஆட்டம் ஆடி இத்தாலி போட்ட கோல் மொத்தம் ஒன்று. அந்த ஒன்றை வைத்துக்கொண்டே பிரிவில் முதலிடம்! வட்டிக்கடைக்காரர்கூட இவ்வளவு சிக்கனமாகப் பிழைப்பு நடத்தமாட்டார். காலிறுதியில் மெக்சிகோவோடு பாதி நேரத்தில் 1-1. முறைப்படி ரிவேரா வந்தார். 4-1. ஆக, முறைவைப்பு வேலை செய்தது. அதுதான் வினை.

அரையிறுதி, மேற்கு ஜெர்மனியோடு. 90 நிமிடம் 1-0 என்று இத்தாலி பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கடைசி மூச்சில் ஷ்னெல்லிங்கர் சமன் செய்தார். அவர் ரிவேராவோடு மிலானில் ஆடுகிறவர் என்பது கூடுதல் எரிச்சல். கூடுதல் நேரத்தில் மட்டும் ஐந்து கோல். ஜெர்மனியின் கோச் ஷோன் இரண்டு மாற்று ஆட்களையும் இறக்கியாகிவிட்டது. பெக்கன்பவருக்குத் தோள் இறங்கிப்போனபோது மாற்ற ஆளில்லை. கையை மார்போடு கட்டிக்கொண்டு அவர் ஆடிய படம் இன்றும் பல டீக்கடைச் சுவர்களில் மானசீகமாகத் தொங்குகிறது.

110-ஆவது நிமிடம். மியூலர் தலையால் தள்ளிய பந்து கோல் கம்பத்தை ஒட்டி உள்ளே போகிறது. 3-3. அந்தக் கம்பத்தை அணைத்தபடி காவலுக்கு நின்றவர் யார் என்றால், ரிவேரா. பந்து அவருக்கும் கம்பத்துக்கும் நடுவில் புகுந்து போயிற்று. அவர் அதற்கு வழிவிட்ட மாதிரி இருந்தது. கோல்கீப்பர் அல்பெர்தோஸி அவரைத் திட்டிய திட்டில் ஒன்றுகூட அச்சில் ஏறாது. வாங்கிக் கட்டிக்கொண்ட ரிவேரா நடுக்கோட்டுக்குப் போனார். பந்தை எடுத்தார்கள், இடப்பக்கம் போனின்சென்யா பறந்தார், உள்ளே தள்ளினார். கோல்கீப்பர் மையர் ஒரு பக்கம் சாய்ந்தார். ரிவேரா நிதானமாக இன்னொரு பக்கம் உருட்டிவிட்டார். 4-3. வசவுக்கும் கோலுக்கும் நடுவில் ஒரே நிமிடம். வேலைக்காரனாகப் பார்த்தால் உதவாக்கரை, வித்தைக்காரனாகப் பார்த்தால் தெய்வம். மொத்த ரிவேராவும் அந்த ஒரு நிமிடத்துக்குள் அடக்கம். அந்த ஆட்டத்துக்கு அஸ்டெக்கா சுவரில் கல்வெட்டே பதித்திருக்கிறார்கள்.

நாலே நாளில் இறுதிப் போட்டி. கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம், உச்சி வெயில், முன்னால் 120 நிமிடம் ஓடித் தேய்ந்த கால்கள். பேலே தலையால் முட்டி ஒன்று. பிறகு பிரேசிலின் குளோதோவால்தோ குஷியில் பந்தைக் குதிகாலால் தட்ட, அதைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் போனின்சென்யா சமன் செய்தார். கவனியுங்கள்: மசாஜ்காரரின் அந்தத் தட்டு இல்லாவிட்டால் இந்த மனிதர் மெக்சிகோவிலேயே இருந்திருக்கமாட்டார். பாதி நேரம், 1-1.

இப்போது முறை யாருடையது? ரிவேராவுடையது. கூட்டம் காத்திருந்தது. இத்தாலியில் தொலைக்காட்சிப் பெட்டி முன்னால் அத்தனை பேரும் காத்திருந்தார்கள். மட்ஸோலாவே திரும்பி வந்தார்! முதல் பாதியில் நன்றாக ஆடினார், உண்மைதான். நன்றாக ஆடுகிறவனை எதற்கு எடுப்பது என்று கோச் நினைத்ததிலும் நியாயம் உண்டு. ஆனால் முறைவைப்பைக் கிழித்துப் போடுவதென்றால், இருவரையும் சேர்த்து இறக்கியிருக்கலாமே? இரண்டு மாற்று ஆள் பாக்கி இருக்கிறதே?

66-ஆவது நிமிடம் ஜெர்சன், கோல். வால்கரெஜ்ஜி அசையவில்லை. 71-இல் ஜெர்சினியோ, கோல். அசையவில்லை. 75-இல் அசைந்தார்: பெர்த்தினியை எடுத்துவிட்டு யூலியானோ. நடுக்கள ஆளுக்கு நடுக்கள ஆள். வீடு பற்றி எரிகையில் வாசல் விளக்கை மாற்றிய கதை. அப்புறம் ஒன்பது நிமிடம் தியானம். பிறகுதான் ரிவேரா. அதுவும் மட்ஸோலாவுக்குப் பதிலாக இல்லை. அணியின் ஒரே கோலைப் போட்ட போனின்சென்யாவை எடுத்துவிட்டு! ரெண்டு கோல் பாக்கி, ஆறு நிமிடம் மிச்சம், கோல் போட்டவன் வெளியே.

ரிவேரா வந்த இரண்டாவது நிமிடம், அதே குளோதோவால்தோ நாலு இத்தாலியர்களை வரிசையாக ஏய்த்துப் பந்தைக் கடத்த, அது ரிவெலினோ, ஜெர்சினியோ, பேலே என்று கைமாறி, கார்லோஸ் ஆல்பர்ட்டோ ஓடிவந்து உதைத்தார். உலகக் கோப்பையின் ஆகச் சிறந்த கோல் என்று இன்றுவரை காட்டுகிறார்களே, அது. தங்கப் பந்துக்காரருக்கு அன்று கிடைத்ததெல்லாம், அதை டிக்கெட் இல்லாமல் மிகக் கிட்டத்தில் நின்று பார்க்கிற பாக்கியம். 4-1.

எங்கள் தெரு அணியில் நான் நிரந்தரச் சப்ஸ்டிட்யூட். அதாவது எல்லோருடைய செருப்புக்கும் காவல். ஒருமுறை 5-0 என்று தோற்றுக்கொண்டிருந்தபோது கேப்டன் அண்ணன் இரக்கப்பட்டுக் கடைசி இரண்டு நிமிடம் என்னை இறக்கினார். மறுநாள் தெரு முழுக்க, "இவன் எறங்கினான்ல, அதான் தோத்தாங்க" என்று ஆகிவிட்டது. ரிவேராவுக்கு அப்படி ஆகவில்லை. அடி அத்தனையும் கோச்சுக்கு. ரிவேராவை இறக்கவே இல்லையென்றால் 'பிரேசில் பிரமாதம், என்ன செய்ய' என்று ஊர் ஆறியிருக்கும். இறக்கியதால்தான் மாட்டிக்கொண்டார். இவரை முன்னாலேயே இறக்கியிருக்க வேண்டும் என்று அவருக்கே தெரிந்துவிட்டது என்பதற்கு அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஆறு நிமிடப் பத்திரம் அது.

உலகத்தில் இரண்டாவது இடம் பிடித்து ரோமில் வந்து இறங்கிய அணிக்கு மறுபடியும் தக்காளி. நாலு வருஷத்தில் இத்தாலியின் விவசாயம் குறையவில்லை.

வால்கரெஜ்ஜியின் வேலை போகவில்லை. 1974-இல் மியூனிக்கில் ஹெய்ட்டியோடு ஆட்டம். ரிவேரா, மட்ஸோலா இருவரையும் முதலிலிருந்தே சேர்த்து இறக்கினார், பூமி பிளக்கவில்லை. 2-1 என்று ஜெயித்துக்கொண்டிருக்கையில் முன்னணி ஆட்டக்காரர் கினாலியாவை வெளியே கூப்பிட்டார். கினாலியா போகிற போக்கில், உலகமே டி.வி.யில் பார்க்க, கோச்சை நோக்கிக் கையை வீசி ஒரு வார்த்தை சொன்னார். வாயசைவைப் படிக்க இத்தாலிய மொழி தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

அவருக்குப் பதிலாக உள்ளே போனவர் அனஸ்தாஸி. பத்தே நிமிடத்தில் கோல் போட்டார்.