வடையை எண்ணுகிறவருக்கு என்ன கொடுப்பது?

வெள்ளவத்தைச் சைவக்கடையில் வடைத்தட்டு கேட்காமலே மேசைக்கு வரும். தின்றதற்குத்தான் காசு. எத்தனை தின்றோம் என்பது நமக்கே ஞாபகம் இராது. பரிமாறிய தம்பிக்கு இருக்கும். நாலு மேசையின் வடைக் கணக்கு, யாருக்குச் சீனி குறைத்த பிளேன்ரீ, எந்தப் பிள்ளை நெய்த்தோசை கேட்டு அழுதது, எல்லாவற்றையும் தலைக்குள் வைத்திருந்து, கடைசியில் ஒரு துண்டுக் கடதாசியில் கிறுக்கி நீட்டுவார். இவ்வளவு கணிதம் தெரிந்தவருக்கு நாம் கொடுக்கும் ரிப்ஸ், மிச்சக் காசில் பஸ்ஸுக்கும் உதவாத சில்லறை.

நான் இருப்பது கொலன்னாவையில். எங்கள் ஊரில் பெரிய பெரிய எண்ணெய்க் குதங்கள் இருக்கின்றன. ஆனால் நல்லெண்ணெய் விட்டு முறுகச் சுட்ட தோசைக்கு நான் வெள்ளவத்தைக்கோ கொட்டாஞ்சேனைக்கோதான் போகிறேன். ஓட்டோக் கூலி தோசைக் காசை மிஞ்சிவிடும். அதை முணுமுணுக்காமல் கொடுத்து வந்து இறங்கிய மனிதர்தான், சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, இருபது ரூபாய்க் குற்றியா ஐம்பது ரூபாய்த் தாளா என்று மேசையடியில் நின்று யோசிப்பார். மத்திய வங்கி வட்டி வீதத்தைத் தீர்மானிக்கும்போதுகூட அவ்வளவு நேரம் எடுக்காது.

அந்த ஐம்பது ரூபாய்க்குப் பணவீக்கம் என்றால் என்னவென்றே தெரியாது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். ஒரே வருசத்தில் சாப்பாட்டுச் செலவு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வடை ஏறியது, பிளேன்ரீ ஏறியது, காஸ் சிலிண்டர் ஏறியது. ரிப்ஸ் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. இலங்கையில் விலையேற்றத்துக்கு அசையாத ஒரே பொருள் இதுதான் என்று நினைக்கிறேன். அதையும் நாமேதான் நிர்ணயிக்கிறோம்.

பெரிய இடங்களில் இந்தச் சங்கடம் கிடையாது. அங்கே நமக்காக அவர்களே யோசித்துவிடுகிறார்கள். புஃபே விளம்பரத்தில் விலையைப் போட்டுப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி வைப்பார்கள். பள்ளிக்கூடத்தில் கூட்டல் குறிக்குப் பின்னால் ஓர் எண் வரவேண்டும் என்று படித்தோம்; இங்கே அந்த எண் சாப்பிட்டு முடித்த பிறகுதான் வரும். முதல் குறி சேவைக் கட்டணம், பத்து வீதம். இரண்டாவது வரி, 2024 ஜனவரி முதல் வற் மட்டுமே 18 வீதம். தோல் அட்டைக்குள் பில்லை வைத்து, மேலே இரண்டு இனிப்பும் போட்டுத் தந்துவிட்டு, பரிமாறியவர் கொஞ்சம் தள்ளிநின்று கூரையைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் தெரியாத கொழும்பு வாசி இல்லை.

அப்படி ஓர் இடத்தில் என் மனைவி கேட்டேவிட்டார்: “தம்பி, இந்தப் பத்து வீதம் உங்களுக்கு வருமோ?”

அவர் முதலில் மனேஜர் நின்ற பக்கம் பார்த்தார். பிறகு, “வரும் மிஸ்... எல்லாருக்கும் பிரிச்சுத்தான் வரும்” என்றார். எவ்வளவு என்று கேட்க மனைவி வாய் திறக்குமுன் தண்ணீர் கொண்டுவரப் போய்விட்டார். நாங்கள் தண்ணீர் கேட்கவில்லை.

வீதக் கணக்கில்தான் எனக்குப் பெரிய வழக்கு. ஒரு தட்டு நண்டுக்கறியைக் குசினியிலிருந்து மேசைக்குக் கொண்டுவர எத்தனை அடி நடக்கவேண்டுமோ, ஒரு தோசைக்கும் அத்தனை அடிதான். நண்டை வைத்துவிட்டுப் பரிமாறுகிறவர் போய்விடலாம். தோசை கொண்டுவருகிறவரை விடமாட்டோம்: சாம்பார், பிறகு சட்னி, பிறகு “தம்பி, அந்தச் சிவப்புச் சட்னி”, பிறகு மறுபடி சாம்பார். உழைப்பை அளந்தால் சைவக்கடைத் தம்பிக்கே முப்பது வீதம் போகவேண்டும். குசினிக்குள் வெக்கையில் நிற்கும் தோசை மாஸ்ரரும் கோப்பை கழுவுகிறவரும் இந்தக் கணக்கிலேயே இல்லை. தோசை நன்றாயிருந்ததென்று நாம் காசு கொடுப்பது, அதைச் சுடாதவருக்கு.

மனைவியின் தம்பி ஸ்காபரோவிலிருந்து வந்திருந்தபோது, சைவக்கடைச் சிட்டையைப் பார்த்துக் கைபேசியில் 18 வீதம் கணக்குப் போட்டார். “என்ன அத்தான், இது எங்கட ஊரில ஒரு கோப்பிக் காசும் இல்லை” என்று ஆயிரம் ரூபாய்த் தாளை வைத்தார். பரிமாறியவர் மிச்சக்காசு மறந்துபோனதென்று வாசல்வரை ஓடிவந்தார். ஒன்ராறியோவில் மதுபானம் பரிமாறுவோருக்கென்றிருந்த குறைந்த சம்பள வீதத்தை 2022 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் காட் மெஷின் 15, 18, 20 என்று கேட்டபடிதான் இருக்கிறது என்பது மைத்துனரின் புலம்பல். அமெரிக்கா இன்னும் மோசம். ரிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி கொடுக்கவேண்டிய கூட்டாட்சிக் குறைந்தபட்சம் மணிக்கு 2.13 டொலர், 1991இலிருந்து அசையவில்லை. குறைகிறதை வாடிக்கையாளர் நிரப்ப வேண்டும் என்பது ஏற்பாடு.

மாமனார் வேறு கட்சி. “சம்பளம் குடுக்கிறது முதலாளியின்ர வேலை. நான் தோசைக்குக் காசு குடுத்திட்டன்.” நியாயமான பேச்சு. நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாய் ஆனது. 2026 ஜனவரி முதல் 30,000. மலையகத்திலிருந்து வந்து கடை மாடியில் படுத்தெழும்பும் பெடியன் அதில் வீட்டுக்கும் அனுப்ப வேண்டும். சரி, சம்பளத்தைக் கூட்டட்டும் என்கிறார் மாமனார். அதே மாமனார்தான் தோசைக்கு இருபது ரூபாய் கூடியபோது காசாளரோடு நின்று சண்டை பிடித்தவர்.

இந்தியாவில் சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக்கூடாது என்று 2022 ஜூலையில் நுகர்வோர் ஆணையம் அறிவித்தது. உணவகச் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. இங்கிலாந்தில் 2024 ஒக்டோபரிலிருந்து ரிப்ஸில் முதலாளி ஒரு சதமும் கழிக்கக்கூடாதென்று சட்டம். நாம் வழக்குப் போடுகிற ஆட்கள் அல்ல. பில்லை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து, வீட்டுக்கு வந்து பேசுகிற ஆட்கள்.

இப்போது வங்கி அட்டையும் கியூஆரும் வந்து மிச்சக்காசையே ஒழித்துவிட்டன. கைபேசியைக் காட்டி, சிரித்து, போய்விடுகிறோம்.

ஆகவே என் தீர்ப்பு இது. பில்லில் பத்து வீதம் இருந்தால் அதற்குமேல் ஒரு சதமும் வைக்காதீர்கள். யார் கூரையைப் பார்த்தாலும் சரி. அந்தப் பத்து வீதம் யாருக்குப் போகிறதென்று, பரிமாறுகிறவரிடம் அல்ல, மனேஜரிடம் கேளுங்கள். சைவக்கடையில் நூறு ரூபாய்க்குக் குறையாமல் கொடுங்கள். மேசையில் வைக்காமல் கையில் கொடுங்கள். வடைக் கணக்கையும் நேர்மையாகச் சொல்லுங்கள். குறைந்தால் அது அந்தத் தம்பியின் தலையில்தான் விழும்.