நீலத்திரை நாயகன்

நம்மூர்ப் பொறியியல் கல்லூரி லேப்களில் நெடுநாள் வாடகையில்லாமல் குடியிருந்த ஒரு நீலத்திரை உண்டு. பெயர் டர்போ சி; சி மொழியில் புரோகிராம் எழுதி ஓட்டும் மென்பொருள். போர்லாண்ட் நிறுவனம் 1987இல் வெளியிட்டது. அந்த ஆண்டு பிறந்த பிள்ளை பொறியியல் முடித்து அதே லேபுக்கு விரிவுரையாளராக வந்தபோதும் திரையின் நிறம் மாறவில்லை. புதுக் கம்ப்யூட்டர் வந்தால், டாஸ்பாக்ஸ் போட்டு அதைப் பழைய கம்ப்யூட்டராக நடிக்க வைத்தோம்.

புரோகிராமின் தலையில் கோனியோ ஹெட்டர், இடையில் திரையைத் துடைக்கும் கிளியர்ஸ்கிரீன், வாலில் ஒரு கீயை அழுத்தும்வரை காத்திருக்கும் கெட்ச். இந்த மூன்றும் சி மொழியின் தரவரையறையிலேயே கிடையாது. அதனால் என்ன? பிள்ளையார் சுழிக்கு யாராவது ஐஎஸ்ஐ முத்திரை கேட்பார்களா?

வைவாவில் ஒரு கேள்வி தப்பாது: "இன்ட் எத்தனை பைட்?" "ரெண்டு சார்" என்று டர்போ சி கணக்கைச் சொன்னவன் பாஸ். தன் லேப்டாப்பில் போட்டுப் பார்த்து "நாலு" என்றவன் அதிகப்பிரசங்கி.

ரெக்கார்டு நோட்டில் வலப்பக்கம் புரோகிராம், இடப்பக்கம் பென்சிலில் அவுட்புட். கம்ப்யூட்டரில் ஓடாத புரோகிராமும் அங்கே பிழையின்றி ஓடும்.

பிறகு காலம் மாறியது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரிலேயே பைதான் வந்தது. அதில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளியே இலக்கணம். நம் பிள்ளைகள் அசரவில்லை. ஸ்கேல் வைத்து அளந்து, அந்த இடைவெளியையும் ரெக்கார்டில் பேனாவால் எழுதிவிட்டார்கள்.