மூன்று நாள் தாண்டிய சம்பந்தி

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று வரம்பு கட்டிய நம் முன்னோர், அந்த மூன்று நாளும் கழிந்த பிறகு புறப்பட வகையில்லாமல் உட்கார்ந்திருக்கும் விருந்தாளி தம் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி ஒரு பழமொழியும் விட்டுச் செல்லவில்லை. அவர்கள் காலத்தில் பூட்டிய வண்டி எப்போதும் வாசலில் நின்றது போலும். இக்குறையைத் தம் சொந்த யுக்தியினாலேயே நிவர்த்தி செய்துகொண்ட ஒரு வகை மனிதர் இப்போது உலகமெங்கும் பரவியிருக்கிறார்.

கடல் கடந்து பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டு, பேரப்பிள்ளையின் முகம் பார்க்கவென்று விசா வாங்கிக்கொண்டு வரும் தகப்பனாரைத்தான் சொல்கிறேன். ஸ்கார்பரோவின் நிலவறை வீடுகளிலும், சிங்கப்பூரின் அடுக்குமாடிகளிலும், நியூஜெர்சியின் பனி மூடிய தெருக்களிலும் இவரைக் காணலாம். தேசம் எதுவாயினும் சுபாவம் ஒன்றே. முதல் வாரம் ஊர் பார்ப்பார். இரண்டாம் வாரம் உறங்குவார். மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் காலை, வீட்டில் சுத்தியல் இருக்கிறதா என்று கேட்பார். அந்தக் கேள்வி பிறந்த கணம் முதல் அந்த வீட்டில் எந்தக் கதவுக்கும், எந்தக் குழாய்க்கும், எந்த நாற்காலிக் காலுக்கும் நிம்மதி கிடையாது.

பொழுது போகாத குறையினால் இப்படிச் செய்கிறார் என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெண்ணைக் கொடுத்த வீட்டில் கை நனைக்கவே யோசித்த தலைமுறையின் கடைசிக் கொழுந்து இவர். சம்பந்தி வீட்டுச் சோற்றை ஒரு வேளை உண்டால் அது உபசாரம். மாதக்கணக்கில் உண்டால் கடன். அந்தக் கடனைப் பணமாக நீட்டினால் சம்பந்தி சண்டைக்கு வருவார். ஆகையால் ஆணி அடித்துத் தீர்க்கப் பார்க்கிறார். இவருடைய மனைவிக்கு இந்தச் சங்கடம் ஏற்படுவதில்லை. அந்த அம்மாள் வந்த மறுநாளே அடுக்களைக்குள் நுழைந்து, யார் வீட்டுக் கத்தி, யார் வீட்டுப் பலகை என்ற பேதமில்லாமல் வெங்காயம் நறுக்க உட்கார்ந்துவிடுவார்; அதன் பிறகு அவரை விருந்தாளி என்று ஒருவரும் எண்ணுவதில்லை. அதில் அவருக்குச் சம்மதமா என்று கேட்டவர்களும் இல்லை என்பது வேறு விஷயம்.

இவ்வகையின் சர்வ லட்சணங்களும் பொருந்திய ஒருவரை 2020ஆம் ஆண்டில் பைராம் தோட்டத்தில் அண்டை வீட்டுக்காரனாக இருந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிட்டியது. பைராம் பினாங்கு மாநிலத்தைச் சேர்ந்ததே எனினும், ஜார்ஜ்டவுன் இருக்கும் தீவில் இல்லை. கடலுக்கு இப்பால் பெருநிலத்தில், தென் செபராங் பிறையில், நிபோங் திபாலுக்கு அருகே, செம்பனைக்கும் அலையாத்திக் காட்டுக்கும் நடுவே கிடப்பது. இந்த வட்டாரத்துக்குத் தமிழர்களை முதலில் கொண்டுவந்தது கரும்பு. பிறகு பால்மரம் வந்தது. அதற்கும் பிறகு செம்பனை. நம்மவரைக் கொண்டுவந்ததோ பேரனின் காதுகுத்து.

அவர் பொதுப்பணித் துறையில் ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்றவர். புதுக்கோட்டைப் பக்கத்துக் கண்மாய்களின் கரையிலும் மடையிலும் கலுங்கிலுமே ஆயுளைக் கழித்தவர். மார்ச் முதல் வாரத்தில் வந்து இறங்கினார். காது குத்தியாயிற்று, கறி விருந்தும் ஆயிற்று. 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. 22ஆம் தேதி இந்தியா தன் பங்குக்கு அயல்நாட்டு விமானங்களை நிறுத்திற்று. தண்ணீர்மலை முருகனையும், பினாங்குத் தெருவின் பலகாரக் கடைகளையும், பத்து காவானிலிருந்து கடலின் மேல் தீவுக்குச் செல்லும் 24 கிலோமீட்டர் நீளமான இரண்டாம் பாலத்தையும் மறு வாரம் காண்பதாக இருந்த மனிதர், வீட்டுக்கு ஒருவர் மட்டுமே, அதுவும் பத்துக் கிலோமீட்டருக்குள், சாமான் வாங்கப் போகலாம் என்ற விதியின்கீழ், அந்த ஒருவராக இருக்கும் தகுதியும் இல்லாதவராய், வாசல் தாழ்வாரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஸ்தாபிதமானார்.

அவருக்கு வாய்த்த சம்பந்தியோ, தோட்டத்தில் லாரி ஓட்டி ஓய்ந்தவர். சும்மா இருக்கும் கலையில் சித்தி பெற்றவர். காலையில் ஒரு கோப்பிக் குவளையோடு உட்கார்ந்தால், வெயில் முழங்காலுக்கு ஏறும்வரை அசைய மாட்டார்.

“பசியாறியாச்சுல்ல, சும்மா உக்காருங்க சம்பந்தி. என்னா அவசரம்?” என்பார்.

“அவசரம் ஒண்ணுமில்லைங்க சம்பந்தி. இந்தக் கதவு மட்டும் லேசா முனகுது” என்பார் ஓவர்சீயர்.

கதவுகளின் முனகல் தேங்காயெண்ணெயால் தீர்ந்தது. எறும்புகள் வந்து சேர்ந்தன. பிறகு கப்பி வைத்த கொடிக்கயிறு ஒன்று உற்பத்தியாயிற்று. மழை வந்தால் ஒரே இழுப்பில் துணிகள் எல்லாம் கூரைக்குள் வந்துவிடும் என்பது ஏற்பாடு. துணிகள் வந்தன, கயிற்றைத் தாங்கிய கம்பமும் கூடவே வந்தது. அதன்பின் செம்பனை மட்டையிலிருந்து ஈர்க்கு உரித்து விளக்குமாறு கட்டினார். அது நல்ல விளக்குமாறு. அதைக் குறை சொன்னால் எனக்குப் பாவம் வரும். வீட்டுக்கு ஒன்று கட்டினார், எனக்கு ஒன்று கொடுத்தார், கோயிலுக்கு இரண்டு கொடுத்தார், பிறகும் நிறுத்தாமல் கட்டிக்கொண்டே போனதுதான் சம்பந்தியம்மாளைக் கலங்க வைத்தது. ஒரு வீட்டில் எவ்வளவுதான் பெருக்குவது?

இவையெல்லாம் கை பழகுவதற்காகச் செய்த சில்லறைக் காரியங்கள். அவருடைய மகத்தான காரியம் மழைமானி.

மருமகன் வாங்கி வந்த பெரிய மைலோ டின் ஒன்று காலியாவதற்கு அவர் காத்திருந்த காத்திருப்பைச் சொல்ல வேண்டும். பேரன் ஒரு வேளைக்கு இரண்டு குவளை குடிக்குமாறு உபசரிக்கப்பட்டான். டின் காலியானதும், கழுவி, மட்டம் பார்த்து, மூன்று செங்கல்லுக்கு நடுவே அசையாமல் நிறுத்தி, வெயிலில் நீர் ஆவியாகாதிருக்க உள்ளே சில சொட்டுத் தேங்காயெண்ணெயும் விட்டார். பக்கம் நேராக உள்ள பாத்திரமாக இருந்தால் போதும், வாய் எவ்வளவு அகலமாயினும் உள்ளே நிற்கும் நீரின் உயரமே மழையின் அளவு என்ற சாஸ்திரத்தை எனக்கு வேலிக்கு மேலாக விளக்கினார். வீடோ மரமோ எவ்வளவு உயரமோ அதற்கு இரு மடங்கு தூரமாவது தள்ளி வைக்க வேண்டும் என்ற விதி ஒன்றும் உண்டாம். இரு மடங்கு தள்ளிப் போனால் தோட்டத்துத் திடல் வந்தது. திடலிலே தனியாக ஒரு மைலோ டின் நிற்பதையும், அதன் அருகே ஒரு முதியவர் குழந்தையின் அளவுகோலுடன் குனிந்து நிற்பதையும் கண்ட தோட்டத்துக் காவற்கார ஜாகா, இது ஏதோ தோஷ நிவர்த்தி என்று முடிவு கட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கிப் போனார்.

அளவு எடுக்கும் நேரத்தில்தான் அவருடைய உத்தியோக தர்மம் முழுமையாக வெளிப்பட்டது. இந்தியாவில் மழைக் கணக்கு காலை எட்டரை மணிக்கு எடுக்கப்படுகிறது. மலேசியக் கடிகாரம் இந்தியக் கடிகாரத்துக்கு இரண்டரை மணி முந்தியது. ஆகவே எட்டரை என்பது இங்கே பதினொன்று. இந்த ஊருக்கு வந்தும் கைக்கடிகாரத்தைத் திருப்பி வைக்காத ஓவர்சீயர், பதினொரு மணி வெயிலில் திடலுக்கு நடந்துபோய், “எட்டரை ஆச்சு” என்று தமக்குள் சொல்லிக்கொண்டு குனிவார். அவரைப் பார்த்து அந்த வரிசை வீடுகளில் உலை வைக்கும் வழக்கம் ஏற்பட்டது. பிள்ளைகள் அவருக்கு மழைத் தாத்தா என்று பெயர் வைத்தார்கள்.

புதுக்கோட்டை மனிதருக்கு இந்த நாட்டு மழை என்ன செய்யும் என்பதை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. அவர் ஊரில் ஆண்டு முழுவதும் பெய்வது ஆயிரம் மில்லிமீட்டரை எட்டினால் அதிசயம்; இங்கே இரண்டாயிரத்தைத் தாண்டுவதை ஒருவரும் பேச்சிலே எடுப்பதில்லை. சித்திரை மாதத்து மாலையொன்றில் இடியும் மின்னலுமாகக் கொட்டித் தீர்த்தது. மறுநாள் டின்னில் இரண்டரை அங்குலம் நின்றது. ஓவர்சீயர் அளவுகோலை மூன்று தரம் துடைத்து மூன்று தரம் விட்டுப் பார்த்தார். பிறகு தாழ்வாரத்துக்கு வந்து, பேரனின் பள்ளி நோட்டில், ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் பத்தாயிரம் லிட்டர் என்ற கணக்கை வைத்துக்கொண்டு, தோட்டத்தின் மேல் விழுந்த தண்ணீர் முழுவதையும் பெருக்கத் தொடங்கினார். சைபர்கள் ஓரத்தைத் தாண்டிப் போயின.

“இவ்வளவும் எங்கே போவுது சம்பந்தி?”

“கடலுக்குத்தான்.”

“ஒரு கண்மாய் வெட்டிப் பிடிச்சு வெச்சா என்னங்க?”

லாரிக்காரச் சம்பந்தி அன்றுதான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். “புடிச்சு வெச்சா மரம் அழுகிப் போகும்லா! இங்க தண்ணிய வெளிய அனுப்பத்தான் அந்தக் காலத்துலேருந்து ஆள் போட்டிருக்கு” என்றார்.

அவர் சொன்னது உண்மை. இது கடலோரத் தாழ்நிலம். வரப்பு உயர்த்தி, குறுக்கும் நெடுக்குமாகக் கால்வாய் வெட்டி, கடல் வற்றும் வேளையில் மதகைத் திறந்து உள்நீரை வெளியேற்றியும், ஏறும் வேளையில் அடைத்து உப்புநீரைத் தடுத்தும்தான் இந்த மண் தோட்டமாக்கப்பட்டது. தண்ணீரைத் தேக்குவதற்காகவே சம்பளம் வாங்கிய மனிதரும், தண்ணீரைத் துரத்துவதற்காகவே வெட்டப்பட்ட கால்வாய்க் கரையில் பிறந்து வளர்ந்த மனிதரும் ஒரே தாழ்வாரத்தில் உட்கார்ந்து அன்று நடத்திய விவாதம், இரு குடும்பங்களின் சம்பந்தம் ஏற்பட்ட நாள் முதலாக நிகழ்ந்த முதல் உண்மையான சம்பாஷணை என்பது என் அபிப்பிராயம். அதுவரை அவர்கள் பேசியதெல்லாம் பசியாறியாச்சா என்பதும் ஆச்சு என்பதும்தான். மதகின் பலகை மேலிருந்து கீழே இறங்குமா, பக்கவாட்டில் திறக்குமா என்று ஓவர்சீயர் கேட்க, சம்பந்தி கோப்பிக் குவளையை மதகாகவும் தட்டைக் கடலாகவும் வைத்துக் காட்ட, சம்பந்தியம்மாள் வந்து இரண்டையும் எடுத்துக்கொண்டு போகும்வரை அது நடந்தது.

மழையில்லாத நாட்களுக்கு அவர் வேறொரு வேலை வைத்திருந்தார். வேலியோரம் நின்று, எதிர்ப்படும் கிழவிகளிடமெல்லாம் பூர்வீகம் எந்த ஊர் என்று விசாரித்து, நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வந்தார். பலருக்கு ஜில்லாவின் பெயர் மட்டுமே தெரிந்திருந்தது. சேலம் என்பார்கள், திருச்சி என்பார்கள். அதற்குள் எந்தக் கிராமம் என்று துருவினால், “அதெல்லாம் எங்க ஆயாவுக்குத்தான் தெரியும்” என்று போய்விடுவார்கள். ஒரு மூதாட்டி மட்டும், தம் தாயார் நாகப்பட்டினத்தில் ராஜுலாக் கப்பல் ஏறி வந்ததையும், பினாங்கில் இறக்காமல் ஜெரெஜாக் தீவில் கொண்டுபோய் அடைத்து, நோய் இல்லையென்று தெரிந்த பிறகே தோட்டத்துக்கு அனுப்பியதையும் ஒரு மத்தியானம் முழுக்கச் சொன்னார். ஜெரெஜாக் தீவு கப்பலில் வந்தவர்களைத் தனித்து வைத்துச் சோதிக்கும் இடமாக நெடுங்காலம் இருந்தது. அந்தக் கிழவியின் தாயார் போன்றவர்கள் முதலில் மிதித்த மலாயா மண் அதுதான். “நீங்க ஒரு ரெண்டு மாசம் மாட்டிக்கிட்டதுக்கே இப்படி நோட்டுப் போட்டு எழுதுறீங்க. எங்கம்மா மூணு வருசத்துல திரும்பிடலாம்னு வந்துச்சு, தம்பி” என்றார். எழுபதை நெருங்கிய மனிதர் தம்பி என்று அழைக்கப்பட்டதில் அன்றைக்கு வெகு சந்தோஷமாக இருந்தார்.

மே மாதம் 7ஆம் தேதியிலிருந்து வந்தே பாரத் என்ற பெயரில் விமானங்கள் பறக்கத் தொடங்கின. மகள் தூதரகத்தில் பெயர் பதிந்தாள். பதிந்தது தெரிந்ததும் ஓவர்சீயரின் முகத்தில் தோன்றிய கவலை, போக முடியாதவருடைய கவலையாக எனக்குப் படவில்லை. அவர் நட்டுப் படரவிட்ட அவரைப் பந்தல் அப்போதுதான் பூவெடுத்திருந்தது. மழைக் கணக்கில் மே மாதம் முடியவில்லை. முடியாத மாதத்தை எந்த ஓவர்சீயரும் மேலதிகாரிக்கு அனுப்ப மாட்டார். முதல் தடவை இடம் கிடைத்தபோது கர்ப்பிணிகள் முன்னால் போகட்டும் என்று பரோபகாரம் பேசினார். இரண்டாம் தடவை முட்டிவலி என்றார். ஜூன் மாதம் பிறந்த மறுநாள், மே மாதக் கூட்டுத் தொகைக்குக் கீழே சிவப்பு மையில் இரட்டைக் கோடு போட்டுவிட்டு, “இப்ப வேணா பார்க்கலாம்” என்று சொன்னார். அவர் மனைவி அதற்கு முந்தியே பெட்டியைக் கட்டி வைத்துவிட்டிருந்தார்.

கோலாலம்பூருக்குப் புறப்படும் முன் சம்பந்தியைத் திடலுக்கு அழைத்துப் போய், கண்ணை நீர் மட்டத்துக்கு இறக்கி எப்படி அளவு பார்ப்பது, எண்ணெய் எத்தனை சொட்டு, கோழி தட்டிவிட்டால் என்ன எழுதுவது என்று நிர்வாகத்தை முறைப்படி ஒப்படைத்தார். சம்பந்தி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். காடி புறப்பட்டதும் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

திருச்சியில் இறங்கி, தனிமைப்படுத்தும் விடுதி ஒன்றில் அடைக்கப்பட்ட மூன்றாம் நாள் தொலைபேசியில் அழைத்தார் ஓவர்சீயர். நான் அப்போது பக்கத்தில்தான் இருந்தேன்.

“சம்பந்தி, நேத்து ராத்திரி மழை உண்டா? எட்டரைக்கு எவ்வளவு நின்னுச்சு?”

லாரிக்காரச் சம்பந்தி என்னைப் பார்த்தார், அடுக்களையைப் பார்த்தார், பொய் சொல்லும் சிரமத்தையும் மேற்கொள்ள மனமில்லாதவராய், “டின்ன கழுவி மறுபடி மைலோ போட்டு வெச்சிட்டாங்க சம்பந்தி” என்றார்.

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, தம் அறையில் ஒழுகும் குழாயிலிருந்து நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு விழுகிறது, அப்படியானால் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் என்பதை ஓவர்சீயர் விஸ்தாரமாகச் சொல்ல ஆரம்பித்தார்.